கடைத்தெரு ஒன்று, சபைகள் வேறு வேறு: ஒடுகத்தூரில் மலைமக்களின் குரல் எங்கே பதிவாகும்?

வேலூர் மாவட்டத்தில் இருப்பது நான்கே பேரூராட்சிகள். பள்ளிகொண்டா, திருவலம், பென்னாத்தூரோடு நான்காவது, ஜவ்வாது மலை அடிவாரத்தில் உள்ள ஒடுகத்தூர். வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தைக்குப் பேர்போன ஊர்.

மலைமேல் இருக்கும் பீஞ்சமந்தை பக்கத்து மக்களுக்கு இதுதான் டவுன். ஆடு விற்க, மளிகை வாங்க, டாக்டரைப் பார்க்க, வேலூர் பஸ் பிடிக்க என்று எல்லாத்துக்கும் இங்கேதான் இறங்கி வரணும். ஆனால் இந்த டவுனில் எது எங்கே வரணும் என்று முடிவெடுக்கும்போது, அவர்கள் பேச இடம் இருக்கிறதா?

ஏன் இல்லை?

ஒடுகத்தூர் பேரூராட்சி, அதாவது நகர்ப்புற உள்ளாட்சி. இங்கே கவுன்சிலர்களைத் தேர்ந்தெடுத்தது 2022 பிப்ரவரி 19-ல் நடந்த நகர்ப்புறத் தேர்தலில். பீஞ்சமந்தை, அணைக்கட்டு ஒன்றியத்தைச் சேர்ந்த ஊராட்சி. அங்கே ஓட்டுப்போட்டது 2021 அக்டோபரில் நடந்த ஊரகத் தேர்தலில். தேர்தல் வேறு, சட்டம் வேறு, துறையும் வேறு.

சபைகளும் அப்படித்தான். ஊராட்சிக்குக் கிராம சபை. நகர்ப்புறத்துக்கு வார்டு குழுவும் பகுதி சபாவும். 2022-ல் இதற்கான விதிகள் வந்து, அந்த ஆண்டு நவம்பர் 1-ல் தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த பகுதி சபாவில் முதல்வர் மு.க.ஸ்டாலினே கலந்துகொண்டார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பகுதி சபா என்பது அந்தப் பகுதி வாக்காளர்களுக்கானது. வாரம் தவறாமல் சந்தைக்கு வருகிற மலைக்காரருக்கு அதில் இடமில்லை. அவர் தன் ஊர்க் கிராம சபையில் பேசலாம்; ஆனால் ஒடுகத்தூர் சந்தையில் தண்ணீர்க் குழாய் வைக்கச் சொல்லி அந்தச் சபை உத்தரவிட முடியாது.

நடுவில் காடு

ஊருக்கும் மலைக்கும் நடுவில் மூன்றாவதாக வனத்துறை வருகிறது. காட்டுக்குள் சாலை போட வனத்துறை அனுமதி வேண்டும். இதற்கு 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. சாலை, பள்ளி, மருத்துவமனை உள்ளிட்ட 13 வகை வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்குக் குறைவான வன நிலம் தரலாம். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது. கிராம சபையின் பரிந்துரையும் கட்டாயம்.

தாமதமானால் என்ன ஆகும்? 2023 மே மாதம் இதே அணைக்கட்டு பகுதியில், அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை மருத்துவமனை போகும் வழியிலேயே இறந்தது. உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ், சாலை சரியில்லாததால் பாதியிலேயே நின்றது. மீதி தூரம் குழந்தையைக் கையில் சுமந்து நடந்தார்கள். நாடே பார்த்த செய்தி அது.

தீர்வு புதுசாகத் தேட வேண்டுமா?

வேண்டாம். அரசியலமைப்பிலேயே இருக்கிறது. 1993-ல் அமலுக்கு வந்த 74-வது திருத்தம், மாவட்டத் திட்டக் குழு என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. அதன் உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாதவர்கள், மாவட்ட ஊராட்சியிலும் நகர்ப்புற உள்ளாட்சிகளிலும் மக்கள் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும். ஊராட்சிகளுக்கும் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கும் பொதுவான விஷயங்களைக் கணக்கில் எடுத்து மாவட்டத் திட்டத்தைத் தயாரிப்பதுதான் அதன் வேலை. ஒடுகத்தூர் சந்தையும் மலைப்பாதையும் பொதுவான விஷயம் இல்லையென்றால் வேறெது?

செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, ஒடுகத்தூர் பகுதி சபாவும் மலை ஊராட்சிகளின் கிராம சபைகளும் சந்தை, பஸ், மருத்துவம், சாலை பற்றி ஒரே மாதிரித் தீர்மானம் போட்டு மாவட்டத் திட்டக் குழுவுக்கு அனுப்பலாம். இரண்டு, மலைமக்கள் இறங்கி வரும் வெள்ளிக்கிழமையிலேயே பேரூராட்சி ஒரு குறைகேட்புக் கூட்டம் நடத்தலாம். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, பெரிய செலவும் இல்லை.

“டவுன்காரர் வரிப்பணத்தில் மலைக்காரருக்கு ஏன் செய்யணும்?” என்று சிலர் கேட்கலாம். கடைத்தெருவில் வியாபாரம் செய்பவர்களிடம் கேட்டால் பதில் கிடைக்கும். மலையிலிருந்து ஆடும் புளியும் சாமையும் இறங்குவதால்தான் சந்தை கூடுகிறது. விற்ற காசு இதே கடைகளில்தான் செலவாகிறது. மழைக்குப் பாதை கெட்டால் கல்லாவும் காலிதான்.

ஓட்டு எங்கே இருக்கிறது என்று பார்ப்பது தேர்தலுக்குச் சரி. குடிநீர்க் குழாய், கழிப்பறை, நிழற்குடை எங்கே வேண்டும் என்று முடிவு செய்யும்போது, அதை யார் பயன்படுத்துகிறார்கள் என்றுதான் பார்க்க வேண்டும். ஒடுகத்தூர் பேரூராட்சியும் அணைக்கட்டு ஒன்றியமும் ஒரே மேசையில் உட்காருவதை இனியும் தள்ளிப்போடக் கூடாது.