முன்னுரை, பொருளுரை, முடிவுரை... அப்புறம் ஒரு மண் குவளை

போன மாசம் அக்கா பையன் போன் பண்ணினான். ஒன்பதாவது படிக்கிறான். வழக்கமா அவன் என்னைக் கூப்பிட்டா ரெண்டே காரணம் தான் இருக்கும். ஒண்ணு, மொபைல்ல ஏதோ கேம் ஓட மாட்டேங்குது. இன்னொண்ணு, அக்கா நாலு சாத்து சாத்திட்டா. இந்தத் தடவை ரெண்டும் இல்லை.

"மாமா, ஸ்கூல்ல கட்டுரைப் போட்டி. நாலு பாயிண்ட் சொல்லுங்க."

"தலைப்பு என்னடா?"

நாலு தலைப்பு சொன்னான். இலக்கியம் காட்டும் வாழ்வியல். விடுதலைப் போரில் மாணவர் பங்கு. மக்களாட்சியின் மாண்பு. விளையாட்டின் பயன்கள். இதுல ஏதாவது ஒண்ணு.

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. இதே நாலு தலைப்பை நானும் எழுதியிருக்கேன். எங்க அக்கா எழுதியிருக்கா. இதைப் படிக்கிற நீங்களும் எழுதியிருப்பீங்க, மறைக்காதீங்க :-) இலக்கியம், வரலாறு, அரசியல், விளையாட்டு. இந்த நாலு டப்பாவுக்குள்ள உலகத்தையே அடக்கிட்டோம். ஒரு டப்பாவைத் திறந்தா இன்னொண்ணைத் திறக்கக்கூடாது, அவ்வளவு தான் விதி.

எழுதுற முறையும் எல்லாருக்கும் தெரியும். முன்னுரையில ஒரு பாரதியார் வரி. பொருளுரையில நாலு குறுந்தலைப்பு, அதுக்கு அடியில ஸ்கேல் வச்சு ஒரு கோடு. முடிவுரை "எனவே நாமும்"ன்னு ஆரம்பிச்சு "வளமான பாரதம் படைப்போம்"ன்னு முடியணும். பொட்டி தட்டுற பாஷையில சொல்லணும்னா, இது எல்லா டெஸ்ட் கேஸையும் பாஸ் பண்ற புரோகிராம். ஆனா ரன் பண்ணினா உள்ளே எதுவும் நடக்காது.

இதுல நான் கில்லாடி. எட்டாவது படிக்கும்போது 'விளையாட்டின் பயன்கள்' எழுதி முதல் பரிசு வாங்கினவன். ஒரு எவர்சில்வர் தட்டு. இன்னும் வீட்டுல இருக்கு, அம்மா அதுல அப்பளம் வைக்கிறாங்க. அந்தக் கட்டுரையில நான் போட்ட மூணாவது குறுந்தலைப்பு 'சமத்துவம் வளர்க்கும் விளையாட்டு'. ஆடுகளத்தில் ஏழை பணக்காரன் இல்லை, சாதி மதம் இல்லை, எல்லாரும் ஓரணின்னு அடிச்சு விட்டிருந்தேன். தமிழய்யா அந்தப் பத்தியை வகுப்புல வாசிச்சுக் காட்டினார்.

இந்தப் பெருமையை எல்லாம் இப்ப ஏன் எடுத்து விடறேன்னா, வேலைக்குச் சேர்ந்த புதுசுல ராமச்சந்திர குஹா 2002-ல எழுதின 'எ கார்னர் ஆஃப் எ ஃபாரின் ஃபீல்ட்' படிச்சேன். இந்தியக் கிரிக்கெட்டின் சமூக வரலாறு. சச்சின், டிராவிட்ன்னு பக்கம் புரட்டப் போறோம்னு நினைச்சுத்தான் எடுத்தேன். உள்ளே இன்னொரு ஆள் இருந்தார். பல்வங்கர் பாலூ.

பாலூ 1876-ல தார்வாட்ல பிறந்தவர். தோல் தொழிலோடு கட்டிப்போடப்பட்ட சாமர் சமூகம். தீண்டாமைக்கு ஆளான சாதி. அப்பாவுக்குப் பட்டாளத்துல வேலை. பாலூ புனாவுல ஐரோப்பியர்களோட கிரிக்கெட் கிளப்ல மைதானம் பெருக்கி, ரோலர் இழுத்து, வலை கட்டுற வேலை பார்த்தார். மாசம் நாலு ரூபாய் சம்பளம். துரைமார் பயிற்சிக்கு வந்தா பந்து போடணும். இடதுகை சுழற்பந்து. பந்து போட மட்டும் தான் ஆள், பேட்டைக் கையில கொடுக்க மாட்டாங்க.

அங்கே கிரெய்க்ன்னு ஒரு வெள்ளைக்கார பேட்ஸ்மேன். தன்னை அவுட் ஆக்கினா தடவைக்கு எட்டணா தருவார்னு ஒரு கதை உண்டு. கதை உண்மையோ பொய்யோ, கணக்குப் போட்டுப் பாருங்க. எட்டு தடவை அவுட் ஆக்கினா ஒரு மாசச் சம்பளம்!

துரைமார் கிளப்ல ஒருத்தன் இப்படிச் சுழட்டுறான்னு ஊருக்குள்ள பேச்சு பரவுது. புனாவுல இருந்த இந்துக்கள் அணிக்கு ஐரோப்பியரைத் தோற்கடிக்கணும்னு ஆசை. பாலூ வேணும். ஆனா பாலூவோட சாதி வேண்டாம். கடைசியில ஒரு ஏற்பாடு பண்ணினாங்க. மைதானத்துல எல்லாரும் ஒரே பந்தைத் தொடலாம். தேநீர் இடைவேளை வந்தா மத்தவங்க பெவிலியனுக்குள்ள பீங்கான் கோப்பையில குடிப்பாங்க. பாலூவுக்கு வெளியே, மண் குவளையில. குடிச்சிட்டுத் தூக்கிப் போட்டுடலாம் பாருங்க. சாப்பாடும் தனியா. முகம் கழுவணும்னா தண்ணி கொண்டு வர்றதுக்கும் அதே போல தள்ளி வைக்கப்பட்ட ஒரு வேலையாள்.

இந்தப் பக்கத்தைப் படிச்சதும் புத்தகத்தை மூடி வச்சிட்டேன். எங்க தெரு டீம் ஞாபகத்துக்கு வந்துடுச்சு.

எங்க டீம்லயும் ஒரு இடதுகை பவுலர் இருந்தான். காலனிப் பையன். அவன் இல்லாம நாங்க பக்கத்து ஊர் டீமை ஜெயிச்சதே இல்லை. மேட்ச் முடிஞ்சா கேப்டன் வீட்டுல தண்ணி குடிப்போம். நாங்க எல்லாரும் திண்ணையில உட்கார்ந்து டம்ளர்ல குடிப்போம். அவன் கேட்டுக்கு வெளியே நிப்பான். கேப்டனோட பாட்டி சொம்புல இருந்து ஊத்துவாங்க, அவன் ரெண்டு கையையும் குவிச்சு, குனிஞ்சு குடிப்பான். அவன் அப்படித்தான் குடிப்பான்னு நான் நினைச்சுக்கிட்டிருந்தேன். சத்தியமா, அது அவனோட ஸ்டைல்னு நினைச்சேன்.

எவர்சில்வர் தட்டு வாங்கின அதே வருஷம். 'சமத்துவம் வளர்க்கும் விளையாட்டு' எழுதின அதே கை.

இப்ப சொல்லுங்க. அந்தக் கட்டுரை எனக்கு என்ன கத்துக் கொடுத்தது? கண்ணை மூடிக்கிட்டு எழுதக் கத்துக் கொடுத்தது. அது தான் இந்தத் தலைப்புகள் மேல எனக்கு இருக்கிற கோபம். தலைப்பு மொக்கையா இருக்குங்கிறதுக்காக இல்லை. நல்ல வார்த்தையை எழுதிட்டா விஷயம் முடிஞ்சதுன்னு பதிமூணு வயசுலயே பழக்கிடுது.

சரி, பாலூகிட்ட திரும்புவோம். அவர் வாழ்க்கை எந்த டப்பாவுக்குள்ளயும் அடங்காது, அது தான் அழகு.

விளையாட்டு டப்பாவைத் திறங்க. பாலூ பம்பாய்க்குப் போய் அங்கே இந்து ஜிம்கானாவுக்கு ஆடுறார். 1911-ல பாட்டியாலா மகாராஜா தலைமையில முதல் அகில இந்திய அணி இங்கிலாந்து போகுது. அணி மொத்தத்துல அடி வாங்கிட்டுத்தான் வந்தது. பாலூ மட்டும் அந்தச் சுற்றுப்பயணத்துல 114 விக்கெட். சராசரி 18.84. அப்போ அவருக்கு வயசு முப்பத்தஞ்சு. இந்தியா முதல் டெஸ்ட் ஆடினது 1932-ல. அதனால அவர் பேர் எந்த டெஸ்ட் ரெக்கார்டுலயும் இல்லை.

வரலாறு டப்பா. 1906 பிப்ரவரியில பம்பாயில இந்துக்கள் அணி ஐரோப்பியர் அணியை 109 ரன்ல தோற்கடிக்குது. பாலூவும் தம்பி சிவராமும் அந்த அணியில. வெள்ளைக்காரனை அவன் ஆட்டத்துலயே ஜெயிச்சது ஒரு சேதி. சாதித் தடையைக் கொஞ்சம் தளர்த்தினதால தான் ஜெயிச்சாங்கங்கிறது இன்னொரு சேதி. அன்னைக்கே 'இந்தியன் சோஷியல் ரிஃபார்மர்' பத்திரிகை இந்த ரெண்டாவது சேதியைப் பிடிச்சுக்கிட்டு எழுதியிருக்கு. நம்ம பாடப்புத்தகத்துல 1905 வங்கப் பிரிவினை வரும், 1906 முஸ்லிம் லீக் வரும். இந்த மேட்ச் மட்டும் வராது. விளையாட்டு தானே, பி.டி. வாத்தியார் பார்த்துப்பார்!

இவ்வளவு ஆடியும் கேப்டன் பதவி பாலூவுக்கு இல்லை. 1920-ல கேப்டன் விஷயத்துல நடந்த பாகுபாட்டை எதிர்த்து சகோதரர்கள் அணியில இருந்து விலகி, பகிரங்கமா அறிக்கையே விட்டாங்க. 1923-ல கடைசித் தம்பி விட்டல் இந்துக்கள் அணிக்கு கேப்டன் ஆனார். அண்ணன் சுழட்டின பந்துக்கான கூலி தம்பி கைக்கு வந்து சேர அத்தனை வருஷம். (மேற்கிந்தியத் தீவுகள்லயும் இதே கதை. ஒரு கறுப்பர் முழுத் தொடருக்கு கேப்டனா நியமிக்கப்படறதுக்கு 1960-ல ஃபிராங்க் வொரெல் வர வேண்டியிருந்தது. அதுக்காகப் பத்திரிகையில மல்லுக்கட்டினவர் சி.எல்.ஆர்.ஜேம்ஸ்.)

இலக்கிய டப்பா. விட்டல் 1948-ல தன்னோட விளையாட்டு வாழ்க்கையை மராத்தியில புத்தகமா எழுதினார். தன் கதையைத் தானே எழுதறதுங்கிறது சின்ன விஷயமா என்ன? நம்ம சிலபஸ்ல இலக்கியம்னா பெரும்பாலும் செய்யுள். ஒரு ஸ்பின்னரோட குடும்பக் கதை எப்படி இலக்கியம் ஆகும்னு கேப்பாங்க. 2001-ல வந்த 'லகான்' படத்துல கச்ரான்னு ஒருத்தன் வருவான் ஞாபகம் இருக்கா? அவனைப் பார்த்து விசில் அடிச்சோம். நிஜத்துல அப்படி ஒரு குடும்பமே இருந்துச்சுன்னு தேடிப் பார்க்கலை.

இனி அரசியல் டப்பா. இங்க தான் கதை கிறுகிறுன்னு சுத்துது.

இளைஞர் அம்பேத்கருக்கு பாலூ ஒரு ஹீரோ. பாராட்டுக் கூட்டமெல்லாம் ஏற்பாடு பண்ணியிருக்கார். 1932-ல பிரிட்டிஷ் அரசு ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்குத் தனித் தொகுதி கொடுக்குது. காந்தி எரவாடா சிறையில உண்ணாவிரதம் இருக்கார். அப்போ தனித் தொகுதியை விட்டுக்கொடுக்கச் சொல்லி அம்பேத்கர்கிட்ட பேசினவங்கள்ல பாலூவும் ஒருத்தர், நம்ம சென்னை எம்.சி.ராஜாவும் ஒருத்தர். செப்டம்பர் 24-ம் தேதி புனா ஒப்பந்தம் கையெழுத்தாகுது. அதுல பாலூ கையெழுத்தும் இருக்கு. தனித் தொகுதி போய், பொதுத் தொகுதியில இட ஒதுக்கீடு. 71 இடம் 148 ஆச்சு. லாபமா நஷ்டமான்னு இன்னைக்கு வரைக்கும் சண்டை ஓயலை.

1937-ல பம்பாய் சட்டசபைத் தேர்தல். அம்பேத்கரை எதிர்த்து காங்கிரஸ் நிறுத்தின வேட்பாளர் யார் தெரியுமா? பாலூ. அம்பேத்கருக்கு 13,245 ஓட்டு, பாலூவுக்கு 11,225. பாலூ தோத்துட்டார். 1955-ல இறந்தும் போயிட்டார்.

இதுல யார் சரி? மண் குவளையில டீ குடிச்ச மனுஷன், சேர்ந்து ஆடி ஆடியே மனசை மாத்திடலாம்னு நம்பினது தப்பா? மாறவே மாறாது, அதிகாரம் கைக்கு வரணும்னு அம்பேத்கர் சொன்னது சரியா? என் சார்பு அம்பேத்கர் பக்கம் தான், ஒளிக்கலை. கேட்டுக்கு வெளியே நின்ன எங்க பவுலர் அஞ்சு வருஷம் எங்களோட சேர்ந்து தான் ஆடினான். ஒரு டம்ளர் கூட மாறலை. ஆனா பாலூவை ஏமாளின்னு சொல்லிட்டுப் போகவும் மனசு வரலை. அவர் தம்பி கேப்டன் ஆனதைக் கண்ணால பார்த்தவர் அவர்.

பசங்களுக்குக் கொடுக்க வேண்டிய தலைப்பு இது தான்னு நான் சொல்றேன். 'விளையாட்டின் பயன்கள்' வேண்டாம். "பாலூவும் அம்பேத்கரும் 1937-ல் ஏன் எதிரெதிரே நின்றார்கள்?"ன்னு கேளுங்க. அவனவன் தேடிப் படிப்பான். ஒரே கேள்வியில நாலு பாடமும் வந்துடும். பாலூ தான்னு இல்லை. உங்க ஊர்லயே ஒரு கோயில் நுழைவு, ஒரு மில் ஸ்டிரைக், ஒரு கபடி டீம் இருக்கும். ஒரு ஆளையோ ஒரு நாளையோ கொடுங்க. மாண்பு, பயன், பங்குன்னு முடியற தலைப்புகளுக்கு ஓய்வு கொடுங்க.

"சின்னப் பசங்ககிட்ட எதுக்கு சாதி அரசியல்?"னு அக்காவே கேட்டா. சின்னப் பசங்களுக்குத் தெரியாததா? எந்த வீட்டுக்குள்ள போகலாம், எந்த வீட்டு வாசல்ல நிக்கணும்னு எங்க பவுலருக்கு எட்டாவதுலயே தெரிஞ்சிருந்தது. தெரியாம இருந்தது எனக்குத்தான். தெரியாம இருக்கிற சொகுசுக்குத்தான் நாம 'குழந்தை மனசு'ன்னு பேர் வச்சிருக்கோம்.

பையனுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். அரை மணி நேரம் கேட்டான். கேம் பத்திப் பேசும்போது கூட அவன் அவ்வளவு நேரம் லைன்ல இருந்ததில்லை. 'விளையாட்டின் பயன்கள்'ங்கிற தலைப்புக்கு அடியில பாலூ கதையையே எழுதினான்.

"மாமா, முடிவுரை என்ன எழுதறது? யார் சரின்னு தெரியலையே."

"தெரியலைன்னே எழுதுடா."

எழுதினான். பரிசு கிடைக்கலை. "தலைப்பை ஒட்டி இல்லை"ன்னு சிவப்பு மையில குறிப்பு போட்டுத் திருப்பிக் கொடுத்திருக்காங்க. அந்தப் பேப்பரை வாட்ஸ்அப்ல எனக்கு அனுப்பிட்டு, கூடவே ஒரு கேள்வியும் அனுப்பியிருந்தான்:

"மாமா, உங்க டீம் பவுலர் இப்ப எங்க இருக்கார்?"

எனக்குத் தெரியலை. நான் விசாரிச்சதே இல்லை.

டிஸ்கி: இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போறேன். விசாரிக்கணும். பார்த்தா என்ன பேசறதுன்னு தான் தெரியலை. அதுக்கு முன்னுரை எழுத எனக்கு வரலை.