கம்பிரஷர் தொட்டி வெடித்தால் அது விதியல்ல

ஸ்டோரில் பாய்லர் என்றால் எல்லோருக்கும் பயம் உண்டு. பக்கத்தில் நிற்கும் கம்பிரஷருக்கு யாரும் பயப்படுவதில்லை. "வெறும் காத்துதானே" என்கிறோம். தேயிலையை நிறம் பார்த்துப் பிரிக்கும் மெஷினுக்கு அந்தக் காற்று வேண்டும். தோட்டத்தை விட்டுப் போன நமது பிள்ளைகள் டயர் கடைகளிலும் கராஜ்களிலும் நாள் முழுவதும் அதன் பக்கத்தில்தான் நிற்கிறார்கள்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 40 சென்டிமீற்றர் விட்டமுள்ள தொட்டியில் 8 பார் அழுத்தம் இருந்தால், அதன் ஒரு பக்க மூடியை மட்டும் சுமார் 10 தொன் பலம் வெளியே தள்ளுகிறது. அந்தப் பலத்தைத் தாங்குவது ஒரு இரும்புத் தகடு.

காற்றிலுள்ள ஈரம் தொட்டியின் அடியில் தண்ணீராகத் தேங்கும். தினமும் திறந்துவிடாவிட்டால் தகடு உள்ளேயிருந்து துருப்பிடித்து மெலியும். வெளியே பெயின்ட் பளபளக்கும். மலையில் பனிமூட்டம் என்றால், ஊர்காவற்றுறைப் பக்கம் சுருவில் போன்ற கடலோர ஊரில் உப்புக்காற்று வெளிப்புறத்தையும் அரிக்கும். கொழுந்து பறிக்கும் ஊரானாலும் மீன் பிடிக்கும் ஊரானாலும் ஆபத்து ஒன்றுதான்.

விபத்து நடந்ததும் முதலாளிமார் சொல்லும் வார்த்தை "கவனயீனம்". நாங்கள் இதை ஏற்கவில்லை. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் காற்றுத் தொட்டிக்கென்றே விதி வைத்திருக்கிறது. பாதுகாப்பான அழுத்தம் தொட்டியில் எழுதப்பட வேண்டும். சேஃப்டி வால்வும், சரியாகக் காட்டும் அழுத்தமானியும், தண்ணீரை வெளியேற்ற வழியும் இருக்க வேண்டும். காலத்துக்குக் காலம் தொட்டியைச் சுத்தம் செய்து பரிசோதிக்க வேண்டும். இது முதலாளியின் கடமை. காற்று கசிகிறது என்று சேஃப்டி வால்வை அடைக்கச் சொல்வதும், துருப்பிடித்த தொட்டிக்கு ஒட்டு வெல்டிங் வைப்பதும் உயிரோடு விளையாடுவதாகும்.

நமது பக்கத்திலும் விடவேண்டியவை உண்டு. அழுத்தம் குறைந்ததும் மோட்டார் தானாகவே ஓடத் தொடங்கும்; அதனால் நிற்கிற மெஷின்தானே என்று பெல்ட்டில் கை வைக்கக் கூடாது. மெயின் சுவிட்சை நிறுத்திப் பூட்டி, காற்று முழுவதையும் வெளியேற்றி, முள் பூச்சியத்துக்கு வந்த பிறகே ஒரு நட்டையும் கழற்ற வேண்டும். உடுப்பிலும் தலையிலும் உள்ள தூசியைக் காற்றடித்துத் தட்டும் பழக்கத்தை விட வேண்டும். 2024 மார்ச்சில் பெங்களூரில் ஒரு வாகன சேவை நிலையத்தில் நண்பர் விளையாட்டாக உடம்புக்குள் காற்றடித்ததில் ஓர் இளைஞர் குடல் சேதமடைந்து இறந்தார். இதைப் பிள்ளைகளிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

எங்கள் கோரிக்கை பெரிதல்ல. பரிசோதனைச் சான்றிதழைத் தொழிலாளி பார்க்கும் சுவரில் ஒட்டுங்கள். இயக்கும் முறையைத் தமிழில் எழுதி வையுங்கள். பழகாத ஆளை அந்த வேலைக்கு அனுப்பாதீர்கள். காயம் பட்டவருக்கு 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி உரியதைத் தாமதமின்றிக் கொடுங்கள்.

தோழர்களே, நாளைக் காலை வேலைக்குப் போனதும் தொட்டியில் அழுத்த அளவு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள். வெளியூரில் வேலை செய்யும் மகனுக்கும் இன்றே போன் போட்டுக் கேளுங்கள்.