அப்பாவின் டகோமாவுக்கு எந்த ஆக்ஸில்?

இந்த மாசம் ஒரு அவமானத்தோட ஆரம்பிக்கிறேன். காயலாங்கடையில 350 டாலர் கொடுத்து வாங்கின ஒரு பழைய முன் ஆக்ஸிலை நானும் பக்கத்து வீட்டுக்காரரும் முக்கி முனகி இறக்கி, கராஜ்ல ரெண்டு மரக்கட்டைமேல வெச்சோம். என் ஒன்பது வயசுப் பொண்ணு ஜூஸ் குடிச்சுக்கிட்டே அதை ஒரு சுத்து சுத்தி வந்தா. அப்புறம் வண்டிக்கு அடியில தலையை விட்டுப் பார்த்தா.

"அப்பா, வண்டியில இந்த உருண்டை ஸ்டீயரிங் பக்கம் இருக்கு. இதுல ஏன் அந்தப் பக்கம் இருக்கு?"

மூணு வாரமா ஸ்ப்ரெட்ஷீட் போட்டுப் பார்த்து வாங்கினது. அகலம், எடை, பல் விகிதம்னு பதினாலு காலம் இருந்துச்சு. உருண்டை எந்தப் பக்கம்னு ஒரு காலம் இல்ல.

வண்டியைப் பத்திச் சொல்லிடறேன். 1999 டொயோட்டா டகோமா, நாலு சக்கர டிரைவ், கிளட்ச் வண்டி. அப்பா புதுசா வாங்கினது. நான் கிளட்ச் பழகினது அதுலதான். அப்பா திட்டித் திட்டிச் சொல்லிக் கொடுத்தது இன்னும் காதுல இருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி, "எனக்கு ஏறி இறங்க முடியலடா, நீயே வெச்சுக்கோ"ன்னு சாவியைக் கொடுத்துட்டார். நாங்க ஃபீனிக்ஸ்ல இருக்கோம். ரெண்டு மணி நேரம் வடக்கே போனா சிடோனா, சிவப்புப் பாறை, கரடுமுரடான பாதைகள். பொண்ணுக்கும் எனக்கும் ஞாயித்துக்கிழமைன்னா அதுதான்.

டகோமாவுல முன்சக்கரம் ரெண்டும் தனித்தனியா ஏறி இறங்கும். நெடுஞ்சாலையில இது அருமையான ஏற்பாடு. பாறையிலதான் சிக்கல். ஒரு சக்கரம் மேலே ஏறினா, அது எதிர்ச் சக்கரத்தைக் கீழே அமுக்காது. அது அந்தரத்துல சுத்தும். வண்டியை உயர்த்தினா, சக்கரத்துக்குப் போற ஷாஃப்ட்டோட கோணம் கூடி ரப்பர் உறை கிழியும். ரெண்டு சக்கரத்தையும் ஒரே இரும்புக் குழாயில கோத்துட்டா, ஒண்ணு ஏறும்போது இன்னொண்ணு தானா கீழே அழுந்தித் தரையைப் பிடிக்கும். லாரிகள்ல முன்பக்கம் பார்த்திருப்பீங்களே, ஒரே கட்டையா ஒரு அச்சு, அதே யோசனைதான். இங்கே அந்த அச்சுக்கு எஞ்சின் சக்தியும் போகணும்.

இதைச் செய்யணும்னா டொயோட்டா சேஸியில வெல்டிங் பண்ணி வெச்சிருக்கிற தாங்கிகளை வெட்டி எடுக்கணும். ராக் அண்ட் பினியன் ஸ்டீயரிங் போயிடும். அதுக்குப் பதிலா சேஸியில பெட்டி ஸ்டீயரிங் மாட்டணும். வெட்டினது வெட்டினதுதான். சாஃப்ட்வேர்ல பழகின கைக்கு இது பயமா இருக்கு. பழைய வெர்ஷனுக்குத் திரும்பற வழியே கிடையாது.

சரி, உருண்டைக்கு வருவோம். அதுதான் டிஃபரென்ஷியல். கிரவுன் பினியன் அதுக்குள்ளதான் இருக்கு. டிரான்ஸ்ஃபர் கேஸ்லேர்ந்து முன்பக்கம் வர்ற ஷாஃப்ட் எந்தப் பக்கம் இறங்குதோ, உருண்டையும் அந்தப் பக்கம் இருக்கணும். 1985 வரைக்கும் வந்த டொயோட்டா பிக்கப்கள்ல ஒரே கட்டை ஆக்ஸில்தான், ஆனா அது பயணி பக்கம். என் டகோமாவுல ஓட்டுநர் பக்கம். நான் வாங்கி வந்தது 1976 செவர்லே கே10-லேர்ந்து கழட்டின டானா 44. ஆறு போல்ட், 5.5 அங்குல வட்டம், டொயோட்டா சக்கரம் அப்படியே உட்காரும்னு சந்தோஷப்பட்டேன். அதுவும் பயணி பக்கம்.

"தலைகீழாத் திருப்பிப் போட்டா சரியாயிடாதா?"ன்னா பொண்ணு. நல்ல கேள்வி. ரெண்டு பேரும் கையில பென்சிலைச் சுத்திச் சுத்திப் பார்த்தோம். தலைகீழாப் போட்டா உருண்டை சரியான பக்கம் வந்துடும். ஆனா பின்சக்கரம் முன்னே போகும்போது முன்சக்கரம் பின்னே சுத்தும். அவ விழுந்து விழுந்து சிரிச்சா. நானும் வேற வழியில்லாம சிரிச்சேன்.

ரெண்டாவது தடவை ஒழுங்கா யோசிச்சேன். முதல் கேள்வி ஆக்ஸில் இல்ல, டயர். எவ்வளவு பெரிய டயர் போடப் போறோம்னு தெரிஞ்சாத்தான் எவ்வளவு பலம் வேணும்னு தெரியும். எங்களுக்கு 35 அங்குலம். அதுக்கு மேல ஆசை இல்ல, கராஜ் கதவும் இடிக்கும்.

அதுக்கேத்த மாதிரி ஓட்டுநர் பக்கம் உருண்டை உள்ளதா மூணு வந்துச்சு. ஃபோர்டு சூப்பர் ட்யூட்டியில 2005-லேர்ந்து வர்ற டானா 60. கிரவுன் 9.75 அங்குலம், யானை பலம். என்கூட வேலை பார்க்கிற எல்லாரும் "அதையே போடு, ஒரே தடவையில முடிஞ்சுடும்"னாங்க. ஆனா அது எட்டு போல்ட், 170 மில்லிமீட்டர் வட்டம். பின் ஆக்ஸிலையும் மாத்தாம விட்டா முன்சக்கரம் ஒரு வகை, பின்சக்கரம் ஒரு வகை, ஸ்டெப்னி ரெண்டு. அகலமும் என் வண்டியை விட நிறைய. உருண்டை பெருசு, அதனால 35 அங்குல டயர்ல அதுவே போய்ப் பாறையில இடிக்கும். கனத்தைத் தூக்கிச் சுமக்கிறதுக்குப் பெட்ரோல் வேற. பலம் வேணும்னு போய், பலம் இருக்கிறதாலேயே மாட்டிக்கிற கதை.

அடுத்தது 1978, 79 ஃபோர்டு எஃப்-150-ல வந்த டானா 44. மனசு ரொம்ப ஆசைப்பட்டது இதுக்குத்தான். இதுல பினியன் உயரத்துல நுழையும், அதனால ஷாஃப்ட் பாறைக்கு எட்டாம மேலே இருக்கும். முன் ஆக்ஸில்ல சாதாரண கிரவுன் போட்டா, முன்னே போகும்போது பல்லோட பலவீனமான முகம்தான் சுமையைத் தாங்கும். இந்த வகையில பல் எதிர்ப்பக்கமா வெட்டியிருக்கிறதால பலமான முகம் தாங்கும். ஆனா போல்ட் அஞ்சு, அகலமும் கூட. அதோட ஹவுசிங்கோட சேர்த்து வார்த்த மேடுகள் இருக்கு. லீஃப் ஸ்பிரிங் போடணும்னா அதையெல்லாம் அறுத்துத் தள்ளணும்.

மூணாவது, 1980லேர்ந்து 91 வரைக்கும் வந்த பெரிய ஜீப் வேகனீரோட டானா 44. உருண்டை ஓட்டுநர் பக்கம், அதே 5.5 அங்குல வட்டத்துல ஆறு போல்ட். அகலம் சுமார் 60 அங்குலம், என் பின் ஆக்ஸிலோட கிட்டத்தட்ட ஒத்துப்போகுது. பினியன் தாழ்வு, அது குறைதான். பின்னாடி என் வண்டியில 4.10 விகிதம். டானா 44-க்கு 4.09 கிடைக்குது. இந்தச் சின்ன வித்தியாசம் பரவாயில்ல. முன்னும் பின்னும் விகிதம் ஒத்துப்போகலன்னா நாலு சக்கரத்துல போடும்போது ஒண்ணையொண்ணு இழுத்துக்கும், கடைசியில ஏதோ ஒண்ணு உடையும்.

வேகனீரையே முடிவு பண்ணினேன். இந்தத் தடவை காயலாங்கடைக்குப் பொண்ணையும் கூட்டிட்டுப் போனேன். டேப்பை அவதான் பிடிச்சா. பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி உருண்டை எந்தப் பக்கம்னு ரெண்டு தடவை சொல்ல வெச்சேன்.

ஒரு விஷயத்துல மட்டும் தூக்கம் போச்சு. உயர்த்தின வண்டியில பினியன் டிரான்ஸ்ஃபர் கேஸைப் பார்த்து நிமிரணும்னா ஹவுசிங்கைச் சுழற்றணும். ஆனா சக்கரத்தைத் தாங்கற நக்கிள்கள் ஹவுசிங் முனையில வெல்டிங் பண்ணின வளையத்துலதான் மாட்டியிருக்கு. ஹவுசிங்கைச் சுழற்றினா அதுவும் சுழலும். காஸ்டர் கோணம் கெடும். அஞ்சாறு டிகிரி பின்சாய்வு இல்லன்னா 65 மைல் வேகத்துல ஸ்டீயரிங் நேரா நிக்காது. முன்பக்கம் மொத்தமும் உதறவும் ஆரம்பிக்கலாம். அதனால முனை வெல்டிங்கை அறுத்து, கோணம் பார்த்து, திரும்ப வெல்டிங் வைக்கணும். பினியன் மேலே இருந்திருந்தா இந்தத் தலைவலி குறைஞ்சிருக்கும். ஃபோர்டை விட்டதுக்கு நான் கொடுக்கற விலை இது.

எனக்கு வெல்டிங் தெரியும். கேட் செஞ்சிருக்கேன், பெஞ்ச் செஞ்சிருக்கேன். கொஞ்சம் கர்வமும் உண்டு. என் மனைவி ஒரே கேள்விதான் கேட்டா: "அந்த வெல்டிங் விட்டுடுச்சுன்னா பாப்பா எங்க உட்கார்ந்திருப்பா?" பதில் சொல்ல வரல. பிராக்கெட், ஷாக் தாங்கி இதெல்லாம் நான் செய்வேன். நக்கிள் வளையமும், சேஸியில ஸ்டீயரிங் பெட்டி உட்கார்ற இடமும் தொழில்முறை வெல்டர் கையிலதான். அவர் கூலி ஆக்ஸில் விலையை விட அதிகம். இருக்கட்டும்.

அப்பாகிட்ட சொல்ல ரொம்ப நாள் தள்ளிப் போட்டேன். சொன்னப்போ, "நல்லா ஓடற வண்டியை ஏன்டா வெட்டற?"ன்னார். என்கிட்ட உருப்படியான பதில் இல்ல. பாறை, சக்கரம்னு ஏதோ விளக்கினேன். அவர் பாதியிலேயே டிவி பக்கம் திரும்பிட்டார். அதோட முடிஞ்சுதுன்னு நினைச்சேன்.

ரெண்டு நாள் கழிச்சு அவரே போன் பண்ணினார். "ஆயில் பானுக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவுல எவ்வளவு இடம் இருக்கும், பள்ளத்துல விழுந்தா மேலே வந்து இடிக்காதா?" நான் அதை அளக்கவே இல்ல. எவ்வளவு உயர்த்தணும்கிறதையே அதுதான் தீர்மானிக்கும். ஸ்ப்ரெட்ஷீட்ல அதுக்கும் ஒரு காலம் சேர்த்தேன், உருண்டைக்குப் பக்கத்துல.

வெல்டர் இருபத்திரெண்டாம் தேதி சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கார். அதுக்கு முந்தின வாரம் நான் பழைய தாங்கிகளை வெட்டணும். அப்பா வர்றேன்னிருக்கார். வெட்டறதைப் பார்க்க இல்லயாம், வெட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஓட்டிப் பார்க்கணுமாம். செவர்லே ஆக்ஸில் இன்னும் கராஜ் மூலையில கிடக்கு. பழைய செவர்லே வெச்சிருக்கிறவங்க யாராவது இருந்தா எழுதுங்க, 350 எல்லாம் வேண்டாம், 200 கொடுத்தா போதும்.