"தேன்தான் மச்சி, ஒண்ணும் பண்ணாது!"

வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆச்சுன்னா நம்ம ஹாஸ்டல் காரிடார்ல இந்த டயலாக் எப்படியும் ஒரு தடவை காதுல விழும். சொல்றது பெரும்பாலும் சீனியர். கேக்குறது இதுவரைக்கும் ஒரு சொட்டுகூடக் குடிக்காத ஃபர்ஸ்ட் இயர் பையன், இல்லன்னா பொண்ணு. பாட்டில் மேல தேனீ படம் போட்டிருக்கும். உள்ளே தங்கக் கலர்ல விஸ்கி. மோந்து பார்த்தா மிட்டாய்க் கடை வாசனை.

தேன் விஸ்கி குடிக்குற அளவுக்கு வொர்த்தா? இந்தக் கட்டுரை அதைப் பத்தித்தான். என் பதிலை முதல்லயே சொல்லிடுறேன்: இல்லை. காசுக்கும் வொர்த் இல்லை, டேஸ்டுக்கும் வொர்த் இல்லை. ஆனா நான் இதை எழுத உக்காந்ததுக்கு முக்கியமான காரணம் இந்த ரெண்டும் இல்லை. அதுக்குக் கடைசியில வர்றேன்.

"மேகசின்ல போய் சரக்கைப் பத்தியா?"ன்னு கேக்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. நாம படிக்குற ஊர் பாண்டிச்சேரி. தமிழ்நாட்டுல மது வாங்க 21 வயசு ஆகணும், இங்க 18 போதும். ப்ளஸ் டூ முடிச்சிட்டு விழுப்புரத்துல இருந்தோ சேலத்துல இருந்தோ வந்து சேர்ற பசங்களுக்கு இந்த மூணு வருஷம் காலேஜ் வாசல்லயே போனஸா கிடைக்குது. அதனால இதைப் பத்தி நாம பேசாம இருந்தா யாரும் குடிக்காம இருக்கப் போறதில்லை. தெரியாம குடிப்பாங்க, அவ்வளவுதான்.

முதல்ல, அந்த பாட்டிலுக்குள்ள என்னதான் இருக்கு?

இந்த வகையில உலகம் பூரா பிரபலமானது ஜாக் டேனியல்ஸ் டென்னஸி ஹனி. 2011-ல அமெரிக்காவுல வந்துச்சு. அதுக்கு முன்னாடியே வைல்டு டர்க்கி கம்பெனி 1976-ல தேன் கலந்த ஒரு சரக்கை இறக்கியிருந்தாங்க. அப்புறம் ஜிம் பீம் ஹனியும் வந்துச்சு. ஜாக் டேனியல்ஸ் ஹனி சாதாரண விஸ்கியில தேன் லிக்கரைக் கலந்து செய்றது. ஆல்கஹால் 35 சதவீதம். நம்ம ஊர் விஸ்கி பாட்டில்ல வழக்கமா இருக்குறது 42.8 சதவீதம்.

இப்போ சட்டம் என்ன சொல்லுதுன்னு பாருங்க. ஐரோப்பிய யூனியன் விதிப்படி ஒரு பாட்டிலை விஸ்கின்னு விக்கணும்னா ஆல்கஹால் குறைஞ்சது 40 சதவீதம் இருக்கணும். மரப் பீப்பாயில குறைஞ்சது மூணு வருஷம் ஊறியிருக்கணும். சர்க்கரையோ ஃப்ளேவரோ துளிகூடச் சேர்க்கக் கூடாது. கலருக்காக கேரமல் மட்டும் சேர்க்கலாம். அந்த விதிப்படி தேன் விஸ்கி விஸ்கியே கிடையாது, லிக்கர். பொதுவா ஒரு லிக்கர்ல லிட்டருக்குக் குறைஞ்சது 100 கிராம் சர்க்கரை இருக்கணும்னும் அதே விதி சொல்லுது. கணக்குப் போட்டா, அந்த ரூல்படி செஞ்ச 60 மி.லி. லிக்கர்ல குறைஞ்சது 6 கிராம் சர்க்கரை. ஒரு டீஸ்பூனுக்கும் மேல.

நம்ம ஊர்லயும் இந்தப் பேர்க் குழப்பம் உண்டு. இந்தியாவுல விஸ்கின்னு விக்குற மலிவான சரக்குல பெரும்பகுதி கரும்புச் சக்கையில இருந்து இல்லை, வெல்லப்பாகு கழிவான மொலாசஸ்ல இருந்து வடிச்ச ஸ்பிரிட். அதுல கொஞ்சம் மால்ட்டும் ஃப்ளேவரும் கலந்தது. அதனால பேரை வெச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க. லேபிளைத் திருப்பிப் படிங்க.

அடுத்தது காசு. பாண்டியில எல்லாம் சீப்புன்னு ஒரு நம்பிக்கை இருக்கு. இங்க விலை குறையுறதுக்குக் காரணம் நம்ம யூனியன் பிரதேசத்தோட கலால் வரி. ஆனா டென்னஸியில இருந்து கப்பல் ஏறி வர்ற பாட்டிலுக்கு டெல்லி போடுற சுங்க வரி தனி. வெளிநாட்டு மதுவுக்கு அது ரொம்ப வருஷமா 150 சதவீதம். 2025 பிப்ரவரியில அமெரிக்க போர்பனுக்கு மட்டும் 100 ஆக்கினாங்க. அந்த வரியை மிஷன் வீதிக் கடைக்காரரால குறைக்க முடியாது. ஆக, வருஷக்கணக்கா பீப்பாயில ஊற வெச்ச விஸ்கிக்கும் சேர்த்துக் காசு கொடுக்குறீங்க. அப்புறம் அந்த விஸ்கி வாசனை தெரியாம இருக்கத் தேனுக்கும் காசு கொடுக்குறீங்க. இதுல என்ன லாஜிக் இருக்குன்னு எனக்குப் புரியல. விஸ்கி பிடிக்கும்னா விஸ்கியைக் குடிக்கலாம். பிடிக்கலன்னா அது ஒரு குறையே இல்லை. பாகற்காய் பிடிக்காதவன் அதை ஜாமுன் ஜீராவுல ஊற வெச்சுத் தின்னே ஆகணும்னு யாரும் சொல்றதில்லையே!

இங்க எதிர்க்கட்சி வாதத்தையும் கேட்டுடுவோம். எங்க ஃப்ரெண்ட் ஒருத்தன் சொன்னான்: "தேனும் சரக்கும் சேர்றது புதுசு இல்லடா. இது மார்க்கெட்டிங் கிடையாது, மரபு." அவன் சொன்னதுல பாதி சரி. ஸ்காட்லாந்துல டிராம்பூயின்னு ஒரு லிக்கர் இருக்கு. ஸ்காட்ச், ஹெதர் பூத் தேன், மூலிகை எல்லாம் சேர்ந்தது. அவ்வளவு தூரம் எதுக்கு? நம்ம தமிழையே எடுத்துக்கோங்க. இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச எனக்கு அகராதியைப் புரட்டினப்போதான் தெரிஞ்சுது: 'மது'ங்கிற சொல்லுக்கு முதல் அர்த்தமே தேன். 'நறவு'க்கும் தேன், கள் ரெண்டு அர்த்தமும் உண்டு. மலைபடுகடாம் நூல்ல மூங்கில் குழாய்க்குள்ள விளைய வெச்ச தேன் தேறலைப் பத்தி வருது. நம்ம டவுனுக்குத் தெற்கே இருக்குற அரிக்கமேட்டுல 1945-ல மார்ட்டிமர் வீலர் தோண்டினப்போ, மத்தியதரைக் கடல் பக்கத்துல இருந்து ஒயின் வந்த ஆம்போரா ஜாடி ஓடுகள் கிடைச்சுது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே இந்தக் கரைக்கு ஃபாரின் சரக்கு வந்து இறங்கியிருக்கு!

ஆனா ஒரு வித்தியாசத்தைக் கவனிங்க. தேனை அப்படியே வெச்சா புளிக்காது, அதுல தண்ணி ரொம்பக் கம்மி. தண்ணி சேர்த்து ஈஸ்ட் வேலை பார்த்தாதான் அது சாராயமாகும். அப்போ ஈஸ்ட் தேன்ல இருக்குற சர்க்கரையைத் தின்னு ஆல்கஹாலா மாத்திடும். இனிப்பு குறையும், போதை ஏறும். அந்தத் தேறல்ல தேன்தான் மூலப்பொருள். தேன் விஸ்கியில சோளத்துல இருந்து ஆல்கஹால் ஏற்கெனவே தயார். தேன் கடைசியில வந்து அதுக்கு மேக்கப் போடுது. ரெண்டும் ஒண்ணு இல்லை.

டிராம்பூயி விஷயத்திலயும் ஒரு வித்தியாசம் உண்டு. அது தன்னை லிக்கர்னு சொல்லிக்கிட்டுத்தான் விக்குது. எங்க சொந்தத்துல ஒரு மாமா குடும்பம் பிரெஞ்சு நேஷனாலிட்டி வாங்கிட்டு பாரிஸ் பக்கம் செட்டில் ஆனவங்க. லீவுக்கு வந்தா ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் ஒரு குட்டிக் கண்ணாடி டம்ளர்ல கொஞ்சமா லிக்கர் ஊத்தி, அரை மணி நேரம் பேசிக்கிட்டே உறிஞ்சுவாங்க. அந்த டம்ளர் காலியானா அன்னைக்கு அவ்வளவுதான். பாட்டில் பீரோவுக்குள்ள போயிடும். லிக்கருக்குன்னு அவங்க வெச்சிருக்குற முறை அது. நம்ம ரூம்ல அதே லிக்கர் ஃப்ரிட்ஜ்ல குளுகுளுன்னு வெச்சு, ஷாட் ஷாட்டா, வெறும் வயித்துல, "ஒன், டூ, த்ரீ"ன்னு இறங்குது. சரக்கு ஒண்ணுதான், குடிக்குற முறை வேற. விஸ்கின்னு பேர் இருக்கிறதால விஸ்கி மாதிரி அளவு, தேன்னு பேர் இருக்கிறதால ஜூஸ் மாதிரி வேகம்.

இப்போ நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வர்றேன்.

சாதாரண விஸ்கியை முதல் தடவை ராவா குடிச்சவன் முகத்தைப் பார்த்திருக்கீங்களா? தொண்டை எரியும், கண்ணுல தண்ணி வரும், முகம் கோணும். "இதை எப்படிடா குடிக்குறீங்க?"ன்னு டம்ளரைக் கீழே வெப்பான். அந்த எரிச்சல்தான் உடம்புல இருக்குற பிரேக். தேன் அந்த பிரேக் ஒயரைக் கழட்டி விட்டுடுது. எஞ்சின் பவர் பெருசா குறையல.

நாம இன்ஜினியரிங் ஸ்டூடண்ட்ஸ், கணக்கு போட்டுப் பார்ப்போம். 42.8 சதவீத விஸ்கி நாலு ஸ்மால், அதாவது 120 மி.லி.: சுத்த ஆல்கஹால் 51.4 மி.லி. 35 சதவீத தேன் விஸ்கி அஞ்சு ஸ்மால், 150 மி.லி.: 52.5 மி.லி. ஒரே ஒரு ஸ்மால் எக்ஸ்ட்ரா போனா "லைட்டு"ன்னு சொன்னது ஒரிஜினலைத் தாண்டிடுது. முகமே கோணாதவனுக்கு அந்த அஞ்சாவது ஸ்மால் ஒரு விஷயமே இல்லை. பீரோட ஒப்பிட்டா இன்னும் தெளிவாத் தெரியும். 5 சதவீத பீர் ஒரு பிண்ட், 330 மி.லி.: ஆல்கஹால் 16.5 மி.லி. தேன் விஸ்கி ரெண்டு ஷாட், 60 மி.லி.: 21 மி.லி. பிண்ட்டை முடிக்க அரை மணி நேரம் ஆகும், வயிறும் ரொம்பிடும். ரெண்டு ஷாட்டுக்குப் பத்து செகண்ட் போதும்.

அடுத்தது வண்டி. மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவுப்படி 100 மி.லி. ரத்தத்துல 30 மில்லிகிராமுக்கு மேல ஆல்கஹால் இருந்தா குற்றம். முதல் தடவைக்கே 10,000 ரூபாய் ஃபைன், இல்லன்னா 6 மாசம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா ரெண்டும். ரத்தத்துல எவ்வளவு ஏறும்னு தோராயமாக் கணக்குப் போட விட்மார்க் ஃபார்முலான்னு ஒண்ணு இருக்கு. ஆல்கஹால் கிராம் கணக்கை உடம்பு எடையாலயும் ஒரு காரணியாலயும் வகுக்கணும். ஆண்களுக்கு அது சுமார் 0.68, பெண்களுக்கு 0.55. தேன் விஸ்கி ஒரு லார்ஜ்ல 16.6 கிராம் ஆல்கஹால். 65 கிலோ பையனுக்கு: சுமார் 37 மில்லிகிராம். 50 கிலோ பொண்ணுக்கு: சுமார் 60. வெறும் வயித்துல மொத்தமும் ரத்தத்துல ஏறிட்டா வர்ற கணக்கு இது.

திரும்பவும் படிங்க. ஒரே ஒரு லார்ஜ். "ஒண்ணும் பண்ணாது"ன்னு சொன்னாங்களே, அதுவேதான். உடம்பு ஒரு மணி நேரத்துக்கு சுமார் 15 மில்லிகிராம்தான் குறைக்கும். அந்தப் பையன் ரெண்டு லார்ஜ் போட்டா 75. திரும்ப 30-க்குக் கீழே வர மூணு மணி நேரம். லெமன் ஜூஸ், மோர், முகம் கழுவுறது, எதுவும் இந்த ஸ்லோப்பை மாத்தாது. ஆனா அவன் வாயில தேன் வாசனைதான் வரும், "நான் நார்மலாத்தான் இருக்கேன் மச்சி"ன்னு சாவியைத் தேடுவான். பீச் ரோட்டுல இருந்து காலாப்பட்டு பக்கம் ஈ.சி.ஆர்.ல ராத்திரி பதினொரு மணிக்கு வண்டி ஓட்டினவங்களுக்குத் தெரியும், அந்த ரோடு எப்படிப்பட்டதுன்னு. எதிர்ல வர்ற பஸ்ஸோட ஹை பீம் நீங்க குடிச்சது தேனா கசப்பான்னு கேக்காது.

இனிப்பு போட்டு ஆல்கஹாலை மறைக்குறது சின்ன வயசுக்காரங்களைத்தான் இழுக்கும்னு நான் மட்டும் சொல்லல. ஜெர்மனியில அல்கோபாப்னு சொல்ற இனிப்பு மிக்ஸ் சரக்குக்கு 2004-ல தனி வரியே போட்டாங்க, இளைஞர்களைக் காப்பாத்துறதுக்காகன்னே. நம்ம ஊர்ல வரி வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், நமக்கு நாமே ஒரு ரூல் போட்டுக்கலாம்.

குடிக்காதவங்களுக்கு: நல்லது, அப்படியே இருங்க. எந்த அளவு ஆல்கஹாலும் பாதுகாப்பானது இல்லைன்னு உலக சுகாதார நிறுவனம் 2023-ல தெளிவாச் சொல்லியிருக்கு. தேன் கலந்ததால அந்த லிஸ்ட்ல இருந்து எதுவும் வெளிய வரல. தேன் பிடிச்சா தேன் வாங்கிச் சாப்பிடுங்க, இட்லிக்குக்கூட நல்லா இருக்கும். குடிச்சே ஆகணும்னு நினைக்குறவங்களுக்கு: சாப்பிட்ட பிறகு, ஒரு ஸ்மால், மெதுவா. வண்டிச் சாவி குடிக்காதவன் பாக்கெட்ல. ஆட்டோ காசு அந்த பாட்டிலை விட ரொம்பக் கம்மி.

சீனியர்களுக்கு மட்டும் ஒரு ரிக்வெஸ்ட். ஜூனியர் கையில டம்ளரைக் கொடுக்குறதும் கொடுக்காததும் உங்க மனசாட்சி. ஆனா கொடுத்தா உண்மையைச் சொல்லிக் கொடுங்க. "இது 35 சதவீதம், ஒரு லார்ஜ் போட்டா வண்டி எடுக்கக் கூடாது"ன்னு சொல்ல அஞ்சு செகண்ட்தான் ஆகும். அதைக் கேட்ட பிறகும் வேணுமா வேண்டாமான்னு அவன் முடிவு பண்ணட்டும். "தேன்தான், ஒண்ணும் பண்ணாது"ன்னு சொல்லிக் கொடுத்தீங்கன்னா, அந்த முடிவை அவனுக்காக நீங்களே எடுத்துட்டீங்க.