மன்னிப்புக் கவிதைகள்

நம் கவிஞர்களுக்குப் புதிதாக ஒரு பாவம் கிடைத்திருக்கிறது. மரத்திடமும் நதியிடமும் பக்கம் பக்கமாக மன்னிப்புக் கேட்கிறார்கள். 2019 கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டதற்கும் கண்ணீர் விட்டாயிற்று. மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் 2003இலேயே அரசு கட்டாயமாக்கியிருந்தது.

நான் வங்கிக் குமாஸ்தா. எனக்குக் கணக்குதான் தெரியும். 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 1 சென்டிமீட்டர் மழை விழுந்தால் 1000 லிட்டர். அதை மண்ணுக்குள் இறக்கக் கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய குழி வேண்டும். தூர் வாராவிட்டால் குழி அடைத்துக்கொள்ளும், வீட்டுக்காரர் எவ்வளவு மனம் நொந்தவராக இருந்தாலும்.

குற்றவுணர்வு கொண்டவன் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் கவிதையில் மரமும் இல்லை, நதியும் இல்லை. மணலை அள்ளிக் கழுவிப் போடுகிறவன் குழியைப் பார்க்கிறான். கவிதைக்கும் அந்தப் பார்வைதான் வேண்டும்.