தட்டுப்போரும் தராசும்



பல்லடம் என்றதும் விசைத்தறியின் ஓசையும் கறிக்கோழிப் பண்ணைகளும் நம் நினைவிற்கு வருகின்றன. ஆயினும் அவ்வட்டாரத்துச் சிற்றூர்களில், தறி ஓடும் வீட்டின் பின்புறத்தில் கறவை மாடு ஒன்று கட்டப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். தறி நின்றுபோகும் வாரங்களில் அடுப்பெரிய வைப்பது அந்த மாட்டின் பால்தான். அத்தகைய வீடொன்றில் நேர்ந்த இழப்பையும், அதனைத் தவிர்த்திருக்கக்கூடிய எளிய கணக்கையும் இம்மாதம் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

கணவரை இழந்த சகோதரி அவர். இரண்டு பிள்ளைகள், ஒரு கலப்பினப் பசு, சொந்தக் காடு கிடையாது. தை மாதச் சோள அறுவடை முடிந்து தட்டு மலிவாகக் கிடைத்தபோது, "நாளுக்கு ஒரு கட்டு வீதம் புரட்டாசி மழை வரை 240 நாட்களுக்கு 240 கட்டு போதும்" என்று எண்ணி வாங்கிப் போர் வைத்தார். ஆனால் வைகாசிக் கடைசியிலேயே போர் தீர்ந்துவிட்டது. அதற்குள் தட்டின் விலை ஏறிவிட்டது, கையிலோ பணமில்லை.

அவ்வேளையில் பெய்த மழையில், பக்கத்துக் காட்டில் அறுத்த சோளத்தின் மறுதாம்பு பச்சைப்பசேலென்று துளிர்த்திருந்தது. காட்டுக்காரரும் மனமிரங்கி, "மேயட்டும் அம்மா" என்றார். பசித்திருந்த பசு ஆவலோடு மேய்ந்தது. சிறிது நேரத்தில் மூச்சுத் திணறிக் கீழே சாய்ந்தது. கால்நடை மருத்துவர் வந்து சேருமுன் உயிர் பிரிந்துவிட்டது.

இளஞ்சோளப் பயிரிலும், வறட்சியில் வாடிய பயிரிலும், மறுதாம்பிலும் ஹைட்ரோசயனிக் அமிலம் என்னும் கொடிய நஞ்சை உண்டாக்கும் பொருள் மிகுந்திருக்கும். பூப்பதற்கு முன் பச்சைச் சோளத்தை மாட்டிற்குக் கொடுக்கலாகாது என்று பெரியவர்கள் எச்சரிப்பது இதனால்தான். முற்றிக் காய்ந்த தட்டில் அந்த அபாயம் பெரிதும் நீங்கிவிடுகிறது. அச்சகோதரியும் இதனை அறியாதவர் அல்லர். ஆனால் போர் காலியாகிவிட்டால் அறிந்ததும் மறந்துபோகிறது. ஆதலின் தவறு நடந்தது வைகாசியில் அன்று. தை மாதத்தில், கட்டுகளை எண்ணியபோதே நடந்துவிட்டது.

கட்டு என்பது ஓர் அளவன்று. ஒருவர் கட்டும் கட்டு நான்கு கிலோ இருக்கும். மற்றொருவருடையது எட்டு கிலோ இருக்கும். எனவே வாங்குமுன் ஐந்தாறு கட்டுகளைத் தராசில் தூக்கிச் சராசரி எடையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து மாட்டின் எடை. இதற்கு ஒரு தையல் நாடாவே போதும். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னே மார்பின் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதனை அதனாலேயே பெருக்குங்கள். தோள்முனை முதல் பிட்ட எலும்பு வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 660ஆல் வகுத்தால் ஏறத்தாழ கிலோ எடை கிடைக்கும். சுற்றளவு 64, நீளம் 55 என்றால் எடை சுமார் 340 கிலோ.

கலப்பினக் கறவை மாட்டிற்கு நாள்தோறும் அதன் எடையில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவுக்கு, நீர் நீங்கலாக, தீவனம் தேவைப்படும். இந்த மாட்டிற்கு அது பத்து கிலோவிற்குச் சற்று மேல். அதில் மூன்றில் ஒரு பங்கைப் பிண்ணாக்கு, தவிடு போன்ற அடர்தீவனம் ஈடு செய்யும். எஞ்சிய இரு பங்கிற்குக் காய்ந்த தட்டு மட்டுமே என்றால், நாளுக்கு ஏழரை கிலோ வேண்டும். 240 நாட்களுக்கு 1,800 கிலோ.

அத்துடன் கணக்கு முடியவில்லை. மிதிபடுவதும், மழையில் நனைவதும், கரையான் அரிப்பதுமாக நூற்றுக்குப் பதினைந்து வீணாகும் என்று கொள்வோம். வாங்குவதில் 85 பங்கே மாட்டின் வாய்க்குச் சேரும். ஆகவே 1,800ஐ 0.85ஆல் வகுக்க வேண்டும். ஏறத்தாழ 2,120 கிலோ. கட்டு ஐந்து கிலோ என்றால் 424 கட்டுகள்! சகோதரியின் 240 கட்டு 136 நாட்களில் தீர்ந்ததில் வியப்பென்ன?

"அவ்வளவுக்குப் பணத்திற்கு எங்கே போவது?" என்று நீங்கள் கேட்பது நியாயமே. குளியலறை நீர் பாயும் இடத்தில் கம்பு நேப்பியர் புல்லையும், வேலியோரத்தில் அகத்தியையும் வளர்த்து, நாளுக்குப் பதினொரு கிலோ பசுந்தீவனம் கொடுக்க இயலுமானால், தட்டு ஐந்து கிலோவாகக் குறையும். அப்போது 283 கட்டு போதும். தட்டை நறுக்கித் தாளியில் போட்டால் சேதமும் குறையும். போரைத் தரையில் வைக்காமல் கல்மேடையின் மீது வைத்து மேலே மூடுங்கள்.

முற்காலத்தில் இவ்வட்டாரத்தில் இக்கணக்கு இவ்வளவு தேவைப்படவில்லை. கிளுவை வேலியடைத்த கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் காங்கேயம் மாடுகளைக் காத்தன. வீட்டுக்கு வீடு சோளக்காடும் இருந்தது. இன்று தீவனத்தை விலைக்கு வாங்குவோரே பலர். 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தபின், 2017இல் தமிழகம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டு, அரசே உலர்தீவனக் கிடங்குகளைத் திறக்க நேர்ந்ததை நாம் மறக்கலாகாது.

குளிர்நாடுகளில் குதிரை வளர்ப்போரும் இதே கவலையில்தான் இருக்கிறார்கள். பனி மூடினால் புல் இல்லை. 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளுக்குப் பத்து கிலோ என்று வைத்து, ஆறு மாதத்திற்கு 1,800 கிலோ உலர்புல்லைக் கோடையிலேயே வாங்கி அடுக்கிவிடுகிறார்கள். அவர்களுக்குப் பனி, நமக்கு வெயில். கணக்கு ஒன்றே.

யூசுப் நபி (அலை) அவர்களின் வரலாற்றில், செழிப்பான ஏழாண்டுகளின் விளைச்சலைக் கதிரோடு காத்து வைத்துப் பஞ்சத்தின் ஏழாண்டுகளைக் கடந்த செய்தியை நாம் அறிவோம். இறைவன் மீது நம்பிக்கை வைப்பதும், முன்கூட்டி அளந்து வைப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்பது அதிலுள்ள படிப்பினை.

இறுதியாக ஒன்று. காலத்தில் பாதி கடக்கும் வைகாசி நடுவில் போரைப் பாருங்கள். பாதிக் கட்டுகள் எஞ்சியிருக்க வேண்டும். இல்லையேல் அன்றே கடன் பெற்றேனும் தட்டு வாங்குங்கள். அன்றி, மாடு உடல்நலத்தோடு இருக்கும்போதே நல்ல விலைக்குக் கைமாற்றிவிடுங்கள். அச்சகோதரியின் கட்டுத்தரை இன்று வெறுமையாக இருக்கிறது. உங்கள் கட்டுத்தரை அவ்வாறு ஆகாதிருக்க, அடுத்த தை மாதத்தில் விலை பேசுமுன் தராசை எடுங்கள்.