ஆணி அடிக்க முன்னர்



2010 இல் மீள்குடியேறி எங்கள் காணிக்குத் திரும்பியபோது, வீட்டில் மிஞ்சியிருந்தது அம்மாவின் முதிரைக் கதிரை ஒன்றுதான். அதன் கால் ஒன்று ஆடியது. இரண்டு ஆணி அடித்தேன். ஒரு மாதத்தில் மறுபடியும் ஆடியது. காலிலும் வெடிப்பு விழுந்தது.

அயலிலிருந்த வயதான தச்சர் பார்த்துவிட்டு, "ஆணி மரத்தைப் பிளக்கும் பிள்ளை. முதல்ல கழட்டிப் பாரும்" என்றார்.

ஆணிகளைப் பிடுங்கிக் கழற்றினேன். குறுக்குச் சட்டத்தின் நுனி நாக்குப்போல் செதுக்கப்பட்டிருந்தது. அதுதான் கழுந்து. அது நுழைவதற்குக் காலில் இருந்த துளை பொளி. கழுந்தின் தடிப்பு மரத்தின் தடிப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மெலிந்தால் கழுந்து முறியும். தடித்தால் பொளி வெடிக்கும்.

பழைய பசையின்மேல் புதுப்பசை பிடிக்காது. ஆகவே அதைச் சுரண்டினோம். வெடிப்புக்குள்ளும் பொளிக்குள்ளும் மரப்பசை பூசிப் பொருத்தினோம். கால்களைச் சுற்றிக் கயிறு கட்டி, இடையில் தடி செருகி முறுக்கி ஒரு நாள் விட்டோம்.

மற்ற மூட்டுகளையும் அவரிடமே அறிந்தேன். இழுத்துத் திறக்கும் லாச்சிக்குப் புறாவால் மூட்டு. விரிந்த வால் இழுவைக்குக் கழராது. குறுக்கே சேரும் சட்டங்களுக்கு, இரண்டிலும் பாதித் தடிப்பு வெட்டிப் பொருத்தும் அரைமடி மூட்டு.

அம்மாவின் கதிரையில் இன்று என் பேத்தி இருந்து படிக்கிறாள். ஆடுகின்ற கதிரையை விறகுக்குப் போடாதீர்கள், சகோதரிகளே. கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் மூட்டுத்தான் விட்டிருக்கும். மரம் நன்றாகவே இருக்கும்.